உத்தப்புரம் சுவரும் நம் வண்டிப்பாதையும்



நமக்கும் பக்கத்து மனைக்கும் பொதுவான வண்டிப்பாதையில் அவர்கள் வேலி போடப்போவதாகச் சொன்னதிலிருந்து நம் கூட்டங்களில் குரல் உயர்ந்துகொண்டே போகிறது. "நாமும் ஒரு சுவரை எழுப்பிவிடுவோம்" என்றார் ஒருவர். அப்போது எனக்கு நம் மாவட்டத்து உத்தப்புரம் நினைவுக்கு வந்தது.

எழுமலைக்குப் பக்கத்திலுள்ள ஊர் அது. 1948, 1964, 1989 ஆகிய ஆண்டுகளில் அங்கே சாதி மோதல் நடந்தது. 1989க்குப் பிறகு ஆதிக்க சாதியார் கட்டிய சுமார் 600 மீட்டர் நீளச் சுவர், தலித் மக்கள் பிரதான சாலைக்குப் போகும் வழியை மறித்தது. மார்க்சிஸ்ட் கட்சி முதலியோர் போராடிய பிறகு, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. சுவர் எழும்ப அதிக நாள் ஆகியிருக்காது. அதில் ஒரு வழி பிறக்க ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஆயின.

பாதை திறந்ததோடு விஷயம் முடியவில்லை. எதிர்த்தவர்கள் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே வெளியேறினார்கள். அக்டோபரில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. நவம்பரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. 2011 அக்டோபரில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் எழுதினார்கள். நவம்பர் 10 அன்று தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள்.

நம் தகராறை அதோடு ஒப்பிடவில்லை. அங்கே நடந்தது தீண்டாமை. சுவரை இடித்தது நியாயம். ஆனால் இடித்த பிறகும் எதிரெதிரே வாழ வேண்டியவர்கள் அதே ஊர்க்காரர்கள்தான். நாமும் அப்படித்தான்.

வங்கியில் வீட்டுக் கடன் பத்திரங்களைப் பல ஆண்டுகள் புரட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான்கெல்லை விவரத்தில் 'பொது வண்டிப்பாதை' என்று எழுதியிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். எழுதாமல் போனாலும், 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகப் பயன்படுத்திய வழிக்கு 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் கிரயப் பத்திர நகலைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். சர்வேயரை வரவழைத்து, பக்கத்து மனைக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அளப்போம். அளந்ததை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவோம். அதுவரை யாரும் செங்கல் இறக்க வேண்டாம்.