பரவை முனியம்மா: புகழ் வந்தது, வருமானம் நிலைக்கவில்லை

மதுரையை அடுத்த பரவையைச் சேர்ந்தவர் நாட்டுப்புறப் பாடகி முனியம்மா. ஊர்ப்பெயரே அவருக்கு அடைமொழியானது. மேடைகளில் பாடிவந்த அவரை முதுமையில் உலகத் தமிழரிடம் கொண்டுசேர்த்தது, தரணி இயக்கத்தில் 2003ல் வெளிவந்த ‘தூள்’ திரைப்படம். அதில் விக்ரமுடன் நடித்ததோடு வித்யாசாகர் இசையில் பாடவும் செய்தார். தொடர்ந்து பல படங்களில் நடித்தார். தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையலும் செய்துகாட்டினார். கலைமாமணி விருதும் பெற்றார்.

ஆனால், புகழ் நிலையான வருமானமாகவில்லை. நோயும் வறுமையும் வாட்டியபோது, 2015ல் தமிழக அரசு அவர் பெயரில் 6 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாக்கி, மாதந்தோறும் வட்டி கிடைக்க வழிசெய்தது. 2020 மார்ச் 29ஆம் தேதி அவர் காலமானார்.

உட்லண்ட்ஸ் வட்டாரப் பொங்கல் மேடைக்கு நாட்டுப்புறக் கலைஞர்களை அழைப்போர், கைதட்டலோடு உரிய சன்மானத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது நல்லது.