பெரம்பூர் மில்லிலிருந்து 2ஏ பிரிவு வரை

1918-இல் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவரை வெள்ளைக்கார அதிகாரி அடித்தால், போய்ச் சொல்ல இடம் இல்லை. அடித்தவரின் மேலதிகாரியிடம்தான் முறையிட வேண்டும். முறையிட்டால் வேலைக்கே ஆபத்து. மதிய இடைவேளையோ அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவரக்கூடப் போதாது.

இந்தக் குறைகளைத் தொழிலாளர் மேல் அக்கறை கொண்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ நாளிதழ் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியா காதுகொடுத்துக் கேட்டார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அடிபட்டவர் தனியாளாக நின்று பேச வேண்டிய நிலை அன்று மாறியது. அந்தச் சங்கத்தின் முதல் சாதனை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் முதலில் பாய்ந்தது சங்கத்தின் மேல்தான். 1920-இல் மில்லில் தகராறு முற்றிக் கதவடைப்பு வந்தபோது, நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்பது வழக்கு. வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையாணை கிடைத்தது. கூலிக்காரனின் குறையை எடுத்துச் சொன்னதே குற்றமாகிவிட்ட கொடுமை அது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு 1921-இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அதன் 18-ஆம் பிரிவு, பதிவுபெற்ற சங்கத்தை இத்தகைய வழக்குகளிலிருந்து காத்தது.

1947-இல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. அப்போதும் ஒருவரை அநியாயமாக நீக்கினால், சங்கமோ சக தொழிலாளர்களோ அவருக்காக நின்றால்தான் அது ‘தொழில் தகராறு’. சங்கம் கைவிட்டால், அல்லது சங்கமே இல்லாவிட்டால்? 1965-இல் சேர்த்த 2ஏ பிரிவுதான் அந்தத் தனி மனிதருக்கு வழி திறந்தது: யாரும் உடன் நிற்காவிட்டாலும் அவருடைய வேலைநீக்கம் தொழில் தகராறானது.

ஆனால் அந்தப் பிரிவு வேலை இழந்தவருக்கு மட்டுமே உதவியது. வேலையில் இருந்துகொண்டே நாள்தோறும் அதிகாரியிடம் ஏச்சு வாங்குபவர் அதைக் காட்டி நீதி கேட்க முடியவில்லை. பாலியல் தொந்தரவுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளகப் புகார்க் குழுவைத் தந்தது. பத்துப் பேருக்குக் குறையாத எந்த அலுவலகத்திலும் அது இருந்தாக வேண்டும். பெரம்பூர்த் தறியாளர் வாங்கிய அடிக்கும் வசவுக்கும் அந்தக் குழுவில் இடமில்லை. இன்று அப்படி அடிபடுபவர் காவல் நிலையத்துக்கோ சங்கத்துக்கோ போகலாம்.