கிள்ளான் வாய்க்காலும் கோலாலம்பூர்த் தொலைபேசியும்

மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டென மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தார். மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னே அவர் வைத்தது நோயுற்றவனை. அவன் இசையாவிடில் ஏனைய மூன்றும் பயன்படா என்னும் கருத்து அவ்வரிசையில் அடங்கியுள்ளது எனலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் நோய்த் தடுப்பு வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

1901ஆம் ஆண்டில் கிள்ளான் நகரையும் புதிதாகத் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்நோய்க் கிருமியைக் கண்டு நான்காண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கச் செய்தார். காய்ச்சல் தணிந்தது. ஊரார் ஒவ்வொருவரின் இசைவையும் கேட்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை. தண்ணீர் வடிந்தால் போதும்.

எச்.ஐ.வி. அத்தகைய நோயன்று. மலேசியாவில் முதல் தொற்று 1986இல் பதிவாயிற்று. அவ்வாண்டிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் அதனை முதன்முதலாகக் கண்டறிந்தனர். இக்கிருமி தங்குமிடம் சதுப்பு நிலமன்று, மனிதனின் குருதி. அது பரவும் வழிகளோ பிறரிடம் சொல்லக் கூசுவன. ஆகவே வாய்க்கால் வெட்டிய அதிகாரம் ஈண்டுச் செல்லாது; உரியவர் தாமே முன்வந்து பேச வேண்டும்.

அவர் முன்வராமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. வேலை போகும், உறவு விலகும், காவலர் பிடிப்பர் என்னும் அச்சமே பெரிது. கோலாலம்பூரில் 1987இல் தோன்றிய பிங்க் டிரையாங்கிள் அமைப்பு தொலைபேசி வழி ஆலோசனையைத் தொடங்கியது. முகங்காட்ட நாணியோரும் அதனால் வாய் திறக்க முடிந்தது. 1992இல் மலேசிய எய்ட்ஸ் மன்றம் அமைந்தது.

எனினும் நோய் பெருகியது. 2002ஆம் ஆண்டில் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. அவற்றுட் பெரும்பாலானவை போதை ஊசியைப் பகிர்ந்ததால் வந்தவை. தண்டனைக்கு அஞ்சி ஒளிந்தோரிடம் அறிவுரை எவ்வாறு சென்று சேரும்? 2005இல் மெத்தடோன் மருந்தும், 2006இல் பழைய ஊசிக்குப் புதிய ஊசி தரும் திட்டமும் தொடங்கின. ஊசி பெற வந்தவர், வந்த இடத்தில் ஆலோசனையும் பெற்றார். பின்வந்த ஆண்டுகளில் ஊசி வழித் தொற்று பெரிதும் குறைந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? இசைவு என்பது மக்களிடம் முன்பே இருப்பதோ, இல்லாததோ அன்று; அது உண்டாக்கப்படுவது. சொன்ன சொல் வெளியே போகாது என்னும் உறுதி கிடைத்தவிடத்து அது பிறக்கிறது. ஏளனம் கேட்டவிடத்து மடிகிறது. கிள்ளானில் வடிக்க வேண்டியிருந்தது நீர். ஈண்டு வடிக்க வேண்டியது அச்சம். அதற்கான வாய்க்காலை வெட்டும் பொறுப்பு மருத்துவருக்கு மட்டுமன்று, வீட்டாருக்கும் ஊராருக்கும் உரியது.