மூன்று துறைகளும் ஒரு துறைமுகமும்

அதிகாலை நாலரை மணிக்குக் கடற்கரையில் நடப்பது என் நெடுநாளைய வழக்கம். பத்திரிகைத் தொழிலின் இரவுப் பணி பழக்கிவிட்ட உறக்கமின்மை, ஓய்வு பெற்ற பின்னரும் என்னை விட்டபாடில்லை. அவ்வாறு நடந்த ஒரு நாளில்தான் அந்த இளைஞரை டச்சுக்குடாக் கரையில் கண்டேன். துவிச்சக்கர வண்டியை ஒரு கல்லில் சாத்தி, சப்பாத்தையும் துவாயையும் அதனருகே அடுக்கி வைத்துவிட்டு, இருள் விலகாத கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் மீன்பிடிக்கப் போகிறவர் என்றே எண்ணினேன். அரை மணி நேரம் கழித்துக் கரையேறியவர், ஈரம் உலருமுன் வண்டியில் ஏறி நிலாவெளி வீதியில் மறைந்தார்.

பின்னர் பழக்கமாகிவிட்டார். ‘ட்ரையத்லன்’ என்ற போட்டிக்குத் தம்மைத் தயார்படுத்துவதாகச் சொன்னார். நீச்சல், துவிச்சக்கர வண்டி ஓட்டம், தரை ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்க வேண்டும். ஒலிம்பிக்கில் அதற்கு வகுக்கப்பட்ட தூரம் 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் வண்டி, 10 கிலோமீற்றர் ஓட்டம். எங்கள் ஊர்க் கணக்கில் அந்த 40 கிலோமீற்றர் என்பது திருகோணமலையிலிருந்து ஏறத்தாழக் கந்தளாய் வரையிலான தூரம். இப்போட்டியை ‘முத்துறைப் போட்டி’ என்று நான் அழைப்பதுண்டு. துறைமுக ஊரில் பிறந்தவனுக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

“எப்படித் தம்பி போகிறது பயிற்சி?” என்று ஒருநாள் கேட்டேன். “கடலுக்குள்ள நிண்டா நேவி கேக்குது, ரோட்டில ஓடினா நாய் கேக்குது, வீட்ட போனா அம்மா கேக்கிறா, ஐயா. நான் ஆருக்கெண்டு பதில் சொல்லுறது?” என்றார். சிரித்தேன். ஆனால் வீடு திரும்பிய பின் அந்தச் சொற்கள் மனதை விட்டு அகலவில்லை. ஒரு மனிதன் நீந்துவதற்கும் ஓடுவதற்கும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியிருப்பது இந்த ஊரில் நீண்ட வரலாறு உடைய விடயம் அல்லவா?

இப்போட்டியின் பிறப்பு வரலாற்றைப் படித்தபோது வியப்பான ஓர் ஒற்றுமை கண்ணில் பட்டது. 1974 செப்டெம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஓட்டப் பயிற்சிக் குழு ஒன்று இதனை முதன்முதலில் நடத்தியது. அதில் பங்குபற்றியவர்களுள் ஜோன் கொலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் ஒருவர். அவர் பின்னர் ஹவாய்த் தீவுகளில் பணியாற்றியபோது, ஓட்டக்காரனா, நீச்சல்காரனா, வண்டிக்காரனா அதிக உடல்வலு உள்ளவன் என்ற வாதம் ஒன்று எழுந்தது. வாதத்தைத் தீர்க்க, ஒவாகு தீவில் ஏற்கனவே தனித்தனியே நடந்துவந்த மூன்று நெடுந்தூரப் போட்டிகளை ஒன்றாகத் தொடுத்து ஒரே நாளில் முடிக்கலாம் என்றார் கொலின்ஸ். 1978 பெப்ரவரியில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். முதலாவதாக வந்த கோர்டன் ஹோலர் எடுத்துக்கொண்ட நேரம் பதினொன்றே முக்கால் மணிக்குச் சற்று மேல். ‘அயன்மேன்’ என்று உலகம் அறிந்த போட்டி அதுவே. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ட்ரையத்லன் ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆயிற்று.

அந்த ஒவாகு தீவில்தான் பேர்ள் துறைமுகம் இருக்கிறது. 1941 டிசம்பர் 7ஆம் திகதி அதைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் அணியே, நான்கு மாதங்கள் கழித்து, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் திருகோணமலை மீது குண்டு வீசியது. அன்றுதான் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ஒரே அணியின் குண்டுகளை வாங்கிய இரண்டு துறைமுகங்கள். அவற்றுள் ஒன்றில், போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்ததும், கடற்படை அதிகாரி ஒருவர் விளையாட்டாக ஒரு போட்டியை ஆரம்பித்து வைத்தார். மற்றத் துறைமுகத்தில் நடந்தது வேறு கதை.

பிரித்தானியர் 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். கொடி மாறியது, வேலியும் வாயிற்காவலும் மாறவில்லை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்று பாடப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, அதன் அமைதியான உள்நீரில் கால் நனைக்க முடியாமலேயே வளர்ந்தது. 1980களில் போர் வந்த பின், திறந்த கடலும் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று. மீன்பிடித் தடையும் நேரக் கட்டுப்பாடும் பாஸ் முறையும் வந்தன. படகோட்டியே கடலுக்குப் போக முடியாதிருந்த நாட்களில் வெறுமனே நீந்துகிறேன் என்று ஒருவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

நிலத்திலும் நிலைமை அதுவே. சோதனைச் சாவடி வந்தால் துவிச்சக்கர வண்டியிலிருந்து இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, அப்பால் சென்று மீண்டும் ஏற வேண்டும். ஒரு மைல் தூரத்துக்குள் இரண்டு மூன்று முறை இறங்கி ஏறியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். விடியுமுன் ஓடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அந்நாட்களில் இருட்டில் ஓடுகிறவன் எதிலிருந்தோ தப்பி ஓடுகிறவன்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இதே கடற்கரையில் காந்தி சிலையருகே கூடியிருந்த மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டனர். பல்கலைக்கழகக் கனவுகளோடு காற்று வாங்க வந்த பிள்ளைகள். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். அதற்குப் பின் எத்தனையோ பெற்றோர் தம் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் தனியே விடவில்லை. நான் சந்தித்த இளைஞரின் தாயார் அந்தத் தலைமுறைத் தாய். மகன் விடியுமுன் கடலுக்குப் போனால், அவன் திரும்பி வரும்வரை அவர் தேநீர் குடிப்பதில்லையாம். “அம்மா கேக்கிறா” என்று அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எமக்கு இந்த விளையாட்டு மரபு இல்லை என்று சொல்ல முடியாது. வடக்கே தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்தினார். 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடங்கள் துவிச்சக்கர வண்டி ஓட்டிக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றவரும் அவரே. ஹவாயில் 15 பேர் கடலில் குதித்து ஓராண்டு கழிந்த காலம் அது. முத்துறைப் போட்டி என்ற பெயரே இங்கு யாருக்கும் தெரியாதபோது, அத்துறைகளுள் இரண்டில் உலகம் திரும்பிப் பார்க்கும் அளவு சாதித்த தமிழர் ஒருவர் இருந்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு தலைமுறை தோன்றியிருக்க வேண்டும். அந்தத் தலைமுறை வளர்ந்த காலத்தில் கடல் மூடிக் கிடந்தது.

2009இல் போர் முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஓடத்துக்குக் காத்திராமல் வண்டியில் கொட்டியாரக்குடாவின் கரையோரமாகப் போகலாம் என்ற நிலை வந்தது. 2018 பெப்ரவரியில் கொழும்பில் ‘அயன்மேன் 70.3’ போட்டி முதன்முறையாக நடந்தது. அதன் தூரங்கள் ஒலிம்பிக் தூரங்களை விட அதிகம்: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் வண்டி, 21.1 கிலோமீற்றர் ஓட்டம். பல நாட்டவர் வந்து கலந்துகொண்டனர். அந்தச் செய்தியைப் படித்தே தமக்கு இந்த ஆசை பிறந்தது என்றார் நம் இளைஞர்.

ஆசைக்கு விலை உண்டு. இத்தகைய சர்வதேசப் போட்டிகளின் நுழைவுக் கட்டணம் டொலரில் கணக்கிடப்படுவது. 2022இல் ரூபா வீழ்ந்து, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது, சேர்த்து வைத்திருந்த பணம் பாதியாகிவிட்டது என்றார். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வண்டியின் உதிரிப் பாகங்களுக்குக் கொழும்பிலும் தட்டுப்பாடு. அதே ஆண்டு பெற்றோல் இன்றி ஊரே துவிச்சக்கர வண்டிக்கு மாறியது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. பெரும்பாலானவை பல தசாப்தங்களாகப் பயன்பாடின்றிக் காடு பற்றிக் கிடந்தவை. அவற்றின் அருகே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற மக்களைக் கடந்துதான் அவர் தம் பயிற்சி ஓட்டத்தை ஓடினார். “விசரனெண்டு நினைச்சிருப்பினம்” என்றார்.

இயற்கையும் தன் பங்கைக் கேட்கிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் கடல் நீந்த விடாது. அமைதியான உட்துறைமுகமோ கடற்படையின் காவலில். மே மாதம் தொடங்கிக் கடல் அடங்கும்போது கச்சான் காற்று எழும். கண்டி வீதியில் உள்நாடு நோக்கி வண்டி மிதிப்பவன் அடுப்பு வாயை நோக்கி மிதிப்பது போல் இருக்கும். கந்தளாயைத் தாண்டினால் விடியற்காலையில் யானைக்கு அஞ்ச வேண்டும். ஏழு மணிக்கு மேல் வெயில் ஓட விடாது. எட்டரைக்கு அலுவலகம். மாலையில் உடல் கெஞ்சும். மனமோ மறுநாள் நாலரை மணியைக் கணக்கிடும். போட்டி அறிவித்தல் பிந்தி வரும். வந்தாலும் அவர் வாசிக்கும் மொழியில் வராது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் வண்டியை ஏற்றக் கெஞ்சி, உறக்கமின்றிப் போய் இறங்கி, காலையில் கடலில் குதிக்க வேண்டும். கடைசியாகப் போன போட்டியில் வண்டி ஓட்டத்தின் நடுவே ரியூப் வெடித்து, மாற்று ரியூப் இல்லாமல் வீதியோரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதைச் சொல்லும்போதுதான் முதன்முறையாக அவர் குரல் தளர்ந்தது.

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, எமக்கு எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு 2021 நவம்பர் 23ஆம் திகதியை நினைவூட்ட விரும்புகிறேன். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலத்துக்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்த இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். கடலோர மாவட்டம் இது. பாலம் அமைப்பதும் படகைப் பாதுகாப்பதும் அரசின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று அன்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். கடலை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்து வளர்ந்த நாங்கள், நீரைக் கற்றுக்கொடுக்க மறந்துவிட்டோம்.

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. 2024ஆம் ஆண்டில் திருகோணமலையைச் சேர்ந்த பாடசாலை மாணவர் ஒருவர் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை நீந்தி வந்தார். அந்தச் செய்தியை நம் இளைஞர் என்னிடம் சொன்னபோது, தாமே வென்றதுபோல் முகம் மலர்ந்திருந்தது.

இப்போது ஞாயிறு காலைகளில் அவர் தனியாக நீந்துவதில்லை. அயல்வீட்டுச் சிறுவர் நால்வர் இடுப்பளவு நீரில் நின்று அவரிடம் கை வீசக் கற்கிறார்கள். கடந்த வாரம் நான் சென்றபோது, காந்தி சிலைப் பக்கமாக ஒரு தாய் துவாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். யாருடைய தாய் என்று நான் கேட்கவில்லை. கையில் தேநீர்ப் போத்தல் இருந்தது.