தரிசு நிலமும் விலங்குக் காப்பகமும்: தென்காசி, குற்றாலம் பகுதியை முன்வைத்து

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய வளாகங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, காப்பகங்களில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பிடித்த இடத்தில் திரும்ப விடவும் தடை விதித்தது. காப்பகத்துக்கு இடம் எங்கே என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. தென்காசி போன்ற மாவட்டத்தில் எவருக்கும் முதலில் தோன்றும் விடை, விளைச்சலின்றிக் கிடக்கும் அரசு நிலம். அவ்விடையை முற்றாக மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் எந்த நிலம் சும்மா கிடக்கிறது என்பதைப் பதிவேட்டை மட்டும் புரட்டி முடிவு செய்துவிட முடியாது.

நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் சாகுபடியை வைத்தே நிலத்தை வகைப்படுத்துகிறது. அந்த ஆண்டு மட்டும் பயிரேறாதது நடப்புத் தரிசு. ஐந்தாண்டுக்கு மேல் பயிரேறாமல் கிடந்தால் அது சாகுபடிக்கேற்ற தரிசாகிவிடும். சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் பட்டா நிலமும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆகவே மாவட்டத்தின் மொத்தத் தரிசுப் பரப்பைக் காட்டி இவ்வளவு நிலம் வீணாகிறது என்று வாதிடுவது பிழை. அதில் அரசுடையது எவ்வளவு, அதிலும் குளப் புறம்போக்கு எவ்வளவு, மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் பேச்சே தொடங்கும். குளங்கள் நெருங்கிக் கிடக்கும் சிற்றாற்றுப் பாசனப் பகுதியில், கோடையில் வெடித்துக் கிடக்கும் குளத்தின் உள்வாயும் வெறுநிலமாகவே கண்ணுக்குப் படும். மழைக்காலத்தில் அங்கே நீர் நிற்கும்.

மேய்க்கால் நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயலில், மந்தை மேய்க்கும் கீதாரி ஆட்டுக்கிடை போடுகிறார். பகலில் ஆடுகள் தாளையும் புல்லையும் மேய்கின்றன. இரவில் அவை பட்டிக்குள் அடைபடும்போது, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேர்கின்றன. அந்த உரத்துக்காக நிலக்காரர் கீதாரிக்குப் பணமோ நெல்லோ கொடுக்கிறார். ஆனால் காரும் பிசானமும் வயலில் நிற்கும் மாதங்களில் மந்தை வயலில் கால்வைக்க முடியாது. அப்போது அது பிழைப்பது புறம்போக்கில்தான். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் இந்த மேய்ச்சலுக்கு இடமில்லை. அது பயிரைக் குறிக்கும், கடந்து போகும் மந்தையைக் குறிக்காது. அப்படிப்பட்ட நிலத்தில் வேலி போட்டால், ஒரு விலங்கினத்தைக் காக்க இன்னொன்றையும் அதை நம்பிய குடும்பங்களையும் வெளியே தள்ளியவர்களாவோம். கிராமப் பொதுநிலங்களைக் காக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை, காப்பகத்துக்கு இடம் தேடுவோரும் படித்தாக வேண்டும்.

மலையடிவாரம் வேறொரு காரணத்தால் கூடாது. மேக்கரை, வடகரை, குற்றாலம் பகுதிகளில் காடும் ஊரும் ஒட்டியே இருக்கின்றன. நெருக்கமாக அடைபட்ட நாய்களிடையே டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் வேகமாகப் பரவும்; செந்நாய் போன்ற காட்டு விலங்குகளையும் அது தாக்கும். கிர் காட்டில் 2018இல் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, பலவற்றில் கண்டறியப்பட்டது இந்த வைரஸ்தான். அடிவாரத்தில் நிலம் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக அங்கே காப்பகம் அமைப்பது மன்னிக்க முடியாத தவறாகும்.

குற்றாலத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். அருவிக்கரைக் கடைகளின் மிச்சமும் பயணிகள் வீசும் சோறும் நாய்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும். சாரல் ஓய்ந்து கடைகள் அடைபட்டதும் அவை பசியோடு ஊருக்குள் சிதறும். ஜூலையில் எண்ணும் கணக்கை மட்டும் நம்பிக் கொட்டகை கட்டுவது சரியாகாது. சீசன் முடிந்த பிறகும் ஒருமுறை எண்ண வேண்டும். குப்பையை ஒழுங்காக அள்ளும் பேரூராட்சி, காப்பகத்தின் பாதி வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. வளர்ப்பு நாயைக் கைவிடுவோரையும் சேர்த்தே எண்ண வேண்டும். பட்டினியில் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். உரிமையாளர் பதிவு இல்லாத ஊரில் காப்பகம் திறந்தால், வேண்டாத நாயை அதன் வாசலில் கட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிடும்.

ஆகவே இடம் தேட வேண்டியது தென்காசி நகரை ஒட்டி, கால்நடை மருத்துவர் அன்றாடம் வந்துபோகக்கூடிய தொலைவில். நீர்வழியோ மேய்ச்சலோ இல்லாத தீர்வை ஏற்படாத தரிசில் சில ஏக்கர் போதும். நில உரிமை அரசிடமே இருக்கட்டும்; நடத்துவோருக்குக் குறித்த காலப் பயன்பாட்டு அனுமதி மட்டும் தரலாம். அனுமதிக்கு முன் கிராம சபையில் கீதாரிகளின் சொல்லும் பதிவாக வேண்டும். தீவனம், மருந்து, ஆள்கூலி ஆகியவற்றுக்கான ஆண்டுச் செலவை உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் காட்டாதவரை, ஒரு சென்ட் நிலத்தையும் ஒதுக்கக் கூடாது.