சென்னையில் தோன்றிய கிருமி

கெடாத் தோட்டங்களுக்குத் தமிழர் கப்பலேறி வந்த காலத்தில், காலரா முதலிய தொற்றுநோய்க்கு அஞ்சி அவர்களுட் பலரைப் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் தடுத்து வைத்தனர்.

1992-இல் சென்னையில் ஓ139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி தலைகாட்டிற்று. அதனுள் எஸ்.எக்ஸ்.டி. என்னும் தாவும் மரபுத்துண்டு ஒன்று இருந்தது. பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் அத்துண்டினது. அதனை ஒரு புரதம் அடக்கி வைத்திருக்கும். கிருமியின் டி.என்.ஏ. சிதைந்தால், அதைச் செப்பனிடும் ஏற்பாடு விழித்தெழும். அவ்வேளை அடக்கும் புரதம் அறுபடும். துண்டு விடுபட்டு அயற்கிருமிக்குத் தாவும். சிப்ரோஃபிளாக்சசின் மருந்தே இத்தாவலைப் பெருக்கும் என்பதை வால்டர் குழுவினர் 2004-இல் காட்டினர்.

ஆளைத் தடுக்கத் தீவு இருந்தது. இத்துண்டைத் தடுக்கத் தீவு இல்லை. வேண்டாத மருந்தை உண்ணாமையே காவல்.