செஞ்சிக் கோட்டை

விழுப்புரம் மாவட்டம் செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய மலைக்கோட்டை. மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கி.மீ. மூன்றிலும் உயர்ந்தது ராஜகிரி. சுமார் 240 மீட்டர். அதன் உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து ஆழமான பள்ளம் விழுந்திருக்கிறது. குறுக்கே கிடந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை.

1200 வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் முதலில் அரண் எழுப்பியதாகப் பிற்காலச் சுவடிகள் சொல்கின்றன. இன்று நிற்கும் கல்யாண மகால், களஞ்சியங்கள், வெங்கடரமணர் கோயில் ஆகியவற்றில் பெரும்பாலானவை விஜயநகரத்துக்கு அடங்கியும் பின்னர் தனித்தும் ஆண்ட நாயக்கர் காலத்தவை.

1649இல் பீஜப்பூர் சுல்தானியம் கோட்டையைப் பிடித்தது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். அந்த வேலை வீண்போகவில்லை. மராட்டியத் தலைநகர் ராய்கட்டை முகலாயர் முற்றுகையிட்டபின் அவருடைய மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புக, 1690இல் தளபதி சுல்பிகர் கானை அனுப்பி முற்றுகையைத் தொடங்கினார் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப். முற்றுகையிட்டவர்களே பட்டினி கிடந்து, 1693இல் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. மராட்டியரோடு இரகசியமாகப் பேசியதற்காக ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷை முகலாயத் தளபதிகளே சிறைபிடித்த கூத்தும் நடந்தது. 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பியிருந்தார். சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற சந்தேகம் அன்றே இருந்தது. முற்றுகையின் நீளத்தைப் பார்த்தால் அதைத் தள்ளிவிட முடியவில்லை.

மக்கள் நினைவில் நிற்பவரோ ராஜாராம் அல்லர், ஓராண்டுகூட ஆளாத தேசிங்கு. புந்தேல ராஜபுத்திரரான இவர், கப்பப் பாக்கித் தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் போரில் மாண்டார். அவரும் நண்பர் மகமத்கானும் கதைப்பாடலிலும் தெருக்கூத்திலும் வாழ்கிறார்கள்.

முகலாயப் படை ஏழாண்டுக்கு மேல் மல்லாடிய கோட்டையை, 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. பீரங்கியைவிட, காவலில் இருந்தவர்களின் குழப்பமே அதற்குக் காரணம். 1761இல் புதுச்சேரி வீழ்ந்த சில மாதங்களில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமானது. 1780இல் ஹைதர் அலி பிடித்தார். மைசூர்ப் போர்கள் ஓய்ந்தபின் இக்கோட்டையால் யாருக்கும் பயனில்லாமல் போயிற்று. வெங்கடரமணர் கோயில் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுபோயினர். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம்.

2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே. மராட்டியர் இதை வைத்திருந்ததோ வெறும் 21 ஆண்டுகள்.